"எப்ப வந்து எடுக்கலாம்?": வேகக் கணக்கு மாற்றியோடு ஒன்பது வருடம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறேன். பழுது பார்ப்பதும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படம், கணக்கு எல்லாம் எடுத்துத் தருவதும்தான் பெரும்பாலான வேலை. கடைக்கு வருகிறவர்கள் முதலில் எத்தனை வெள்ளி என்று கேட்பார்கள். அடுத்த கேள்வி, "எப்ப வந்து எடுக்கலாம்?" தோட்டத்திலிருந்து மோட்டாரில் வருகிறவருக்கு நான் தப்பான நேரம் சொன்னால் அவருக்கு அரை நாள் சம்பளம் போச்சு. அதனால்தான் தகவல் போகும் வேகத்தை ஒரு அலகிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக் காட்டும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஓர் அலகு மாற்றியை ஒன்பது வருடமாக விடாமல் வைத்திருக்கிறேன்.

டெலிபோன்காரர்களின் லைன் வகைகளான ஈ1, எஸ்டிஎம்-1 எல்லாமும் பழைய டிஸ்க்குகளைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் வகைகளான ஸ்கசி, ஐடிஈ, யூஎஸ்பி எல்லாமும் அதில் ஒரே பட்டியலில் இருக்கின்றன. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றதில் எவ்வளவு என்று உடனே காட்டிவிடும். டெலிபோன்காரர்கள் பிட்டில் பேசுவார்கள், டிஸ்க்காரர்கள் பைட்டில் பேசுவார்கள். எட்டு பிட் ஒரு பைட், எட்டால் வகுத்தால் முடிந்தது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

அப்படி இல்லை என்று புரியவைத்தவர் என் மச்சான். செம்பனை ஆலையில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தார். தினமும் ராத்திரி 3 கிகாபைட் கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். லைன் ஈ1, அதாவது 2 மெகாபிட் லைன். ஒரு நாள் கடைக்கு வந்து, "மச்சான், 2 மெகான்னு காசு கட்டுறோம், திரையில 230 சொச்சம் கிலோபைட்டுக்கு மேல ஏற மாட்டேங்குது. ஏமாத்துறாங்களா?" என்றார்.

உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். டெலிபோனில் ஒரு குரலை நொடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதுகிறார்கள். அது 64,000 பிட். அப்படி 32 தடங்கள் சேர்ந்ததுதான் ஈ1, சரியாக 2.048 மெகாபிட். எட்டால் வகுத்தால் 256,000 பைட். அவருடைய கம்ப்யூட்டர் 1,024 பைட்டை ஒரு கிலோபைட்டாக எண்ணும், அதனால் 256 அங்கேயே 250 ஆகிவிட்டது. 32 தடங்களில் ஒன்று லைனின் ஒழுங்குக்கே போய்விடும், மிச்சம் 242. தகவலைத் துண்டு துண்டாக்கி அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முகவரி ஒட்டுகிற செலவையும் கழித்தால் 235 வாக்கில் நிற்கிறது. யாரும் ஏமாற்றவில்லை. ராத்திரி ஒன்பதுக்கு ஆரம்பித்தால் பன்னிரண்டே முக்காலுக்குள் முடியும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் அதற்கப்புறம் விழித்திருந்து பார்ப்பதை விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் மாற்றியைப் பாராட்டத்தான் வேண்டும். லைனின் முழு வேகத்தையும் அதில் நமக்குக் கிடைக்கிற பங்கையும் தனித்தனி அலகாகவே வைத்திருக்கிறது. அந்த ஆலையின் சர்வரில் இருந்தது அல்ட்ரா160 ஸ்கசி டிஸ்க், நொடிக்கு 160 மெகாபைட். அதைப் போட்டு ஈ1-க்கு மாற்றினால் 625 என்று வந்தது. அந்த ஒரு கேபிளை நிரப்ப 625 ஈ1 லைன் வேண்டும். ஒரு எஸ்டிஎம்-1 கண்ணாடி இழையிலேயே 63 ஈ1தான் ஏறும். வேகமான புது டிஸ்க் வாங்கலாமா என்று மச்சான் யோசித்துக்கொண்டிருந்தார். இந்த எண்ணைப் பார்த்ததும் அந்தப் பேச்சே நின்றது.

ஆனால் இதே மாற்றியை நம்பி ஒரு அக்காவை அலைக்கழித்திருக்கிறேன். இறந்துபோன கணவருடைய 40 கிகாபைட் ஐடிஈ டிஸ்க்கைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். "தம்பி, அவரு எடுத்த தீமிதி படமெல்லாம் இதுலதான் இருக்கு. அந்தக் கோயிலும் இப்ப இல்ல, லயத்தையும் இடிச்சிட்டாங்க." யூஎஸ்பி 2.0 என்று மாற்றியில் போட்டேன். 480 மெகாபிட், அதாவது 60 மெகாபைட். பதினோரு நிமிடம் வந்தது. கொஞ்சம் கூட்டி அரை மணி என்று சொல்லிவிட்டேன்.

அரை மணி கழித்துப் பார்த்தால் நான்கு சதவீதம்தான் ஏறியிருந்தது. நான் செருகியிருந்த பழைய கம்ப்யூட்டரின் துளை யூஎஸ்பி 1.1. அதன் வேகம் 12 மெகாபிட், காகிதக் கணக்கில் 1.5 மெகாபைட், நிஜத்தில் ஒன்று வந்தாலே பெரிது. பதினோரு நிமிடம் பதினோரு மணி நேரமாகிவிட்டது. அக்கா பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார், கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் எழுந்து போனார். மறுநாள் திரும்ப வந்து வாங்கிக்கொண்டார், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் உறுத்துகிறது.

மாற்றி சொன்ன எண் சரிதான். நடுவில் இருக்கிற எல்லாவற்றிலும் எது மெதுவானதோ அதைத்தான் அதில் போட வேண்டும், அது எது என்று நாம்தான் தேட வேண்டும். இப்போது டிஸ்க், அடாப்டர், துளை மூன்றையும் பார்த்து, இரண்டு நிமிடம் ஓடவிட்டு வேகத்தை அளந்த பிறகுதான் நேரம் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. கிலோ என்ற பெயரில் இரண்டு அலகுகள் அடுத்தடுத்து நிற்கின்றன, ஒன்று 1,000, மற்றது 1,024. அவசரத்தில் தப்பானது மேல் விரல் பட்டுவிடும். கிகா வரை போனால் அந்த வித்தியாசம் ஏழு சதவீதத்தைத் தாண்டும். ஐடிஈ-க்கு அடுத்து வந்த சாட்டா டிஸ்க்குகளுக்கு அதில் இடமே இல்லை. 1.5 கிகாபிட் என்று கையால் போட்டால் எட்டால் வகுத்து 187.5 மெகாபைட் காட்டுகிறது. சாட்டாவில் ஒவ்வொரு எட்டு பிட்டும் பத்தாகத்தான் கேபிளில் போகும், அதனால் பத்தால் வகுக்க வேண்டும், 150தான் சரி. அதை மட்டும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். கடையில் உதவிக்கு வரும் பையனும் அதைப் பார்த்துத்தான் நேரம் சொல்கிறான்.