ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்க எந்தப் படிகம்?

பெங்களூரு ஆய்வகங்களுக்கு வரும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கேட்பது இதுதான்: மெத்தில்அம்மோனியம் லெட் புரோமைடா, பென்சைல்அம்மோனியம் லெட் குளோரைடா?

முதலாவதை வளர்ப்பது சுலபம், ஆரஞ்சு நிறம், பச்சையாக ஒளிரும். ஆனால் அறை வெப்பத்தில் அது கனசதுர அமைப்பு, சமச்சீர் மையம் (ஒவ்வொரு அணுவுக்கும் நேர் எதிரே அதே வகை அணு இருக்கும் நடுப்புள்ளி) இருப்பதால் இரண்டாம் ஹார்மோனிக் ஒளி, அதாவது அதிர்வெண் இரட்டிப்பான ஒளி, படிகத்தின் உள்ளிருந்து வராது. இரண்டாவது அடுக்கடுக்கான துருவப் படிகம் (நேர், எதிர் மின்னூட்ட மையங்கள் விலகி நிற்பதால் சமச்சீர் மையம் இல்லை), ஃபெரோஎலெக்ட்ரிக்கும்கூட (அந்தத் துருவத் திசையை மின்புலத்தால் திருப்பலாம்). 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைப் பாய்ச்சினால் 532-இல் பச்சை எட்டிப் பார்க்கும், படிகம் நிறமற்றது என்பதால் அந்தப் பச்சையை அதுவே விழுங்குவதும் இல்லை. சுமார் 165 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் துருவத்தன்மை போய்விடும், கூடவே அந்த சிக்னலும்.

சரி, எல்இடி, டிடெக்டர் என்றால் புரோமைடையே எடுங்கள். அதிர்வெண் இரட்டிப்புக்குக் குளோரைடுதான். அப்புறம், இரண்டிலும் ஈயம் உண்டு, கையுறை கட்டாயம்.