பில் ஆஃப் லேடிங்கில் ‘ஒரு கன்டெய்னர்’ என்று எழுதும் ஃபார்வர்டர்கள்: ஓர் எச்சரிக்கை

கடல்வழியே சரக்கு இறக்குமதி செய்யும் சிறு நிறுவனங்கள், சரக்குப் போக்குவரத்தை ஏற்பாடு செய்து தரும் ஃபார்வர்டரிடம் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். “கிடங்கிலிருந்து கிடங்கு வரை, சுங்கமும் காப்பீடும் உட்பட எல்லாம் எங்கள் பொறுப்பு” என்று எங்களுக்கு மின்னஞ்சலில் உறுதியளித்த ஃபார்வர்டர், சிக்கல் வந்ததும் தாம் வெறும் ஏஜென்ட்தான் என்று கையை விரித்துவிட்டார்.

முதல் அடி சுங்கத்தில் விழுந்தது. 480 அட்டைப்பெட்டிகளில் வந்தவை அளவீட்டுக் கருவிகள். சுங்கத்துக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எச்.எஸ். பட்டியலில் அவற்றுக்குரிய இடம் 90ஆம் அத்தியாயம். இன்வாய்ஸிலும் அந்தக் குறியீட்டையே கொடுத்திருந்தோம். ஃபார்வர்டர் அமர்த்திய சுங்கத் தரகரோ, எங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், வரி குறைவு என்பதற்காக அவற்றை 84ஆம் அத்தியாயத்து இயந்திர உதிரிபாகங்கள் என்று தாக்கல் செய்துவிட்டார். சரக்கு நிறுத்திவைக்கப்பட்டது. தாக்கல் இறக்குமதியாளர் பெயரில் நடந்திருந்ததால், வரி வித்தியாசமும் அபராத நோட்டீஸும் எங்கள் மீதே வந்தன. அந்தப் பணத்தைத் தரகரிடமிருந்து மீட்பது தனி வழக்கு. இடையில் ஏறிய டெமரேஜுக்கும் (தாமதக் கட்டணம்) ஃபார்வர்டர் எங்களுக்கே பில் அனுப்பினார்.

கன்டெய்னரைத் திறந்தபோது 60 பெட்டிகள் நனைந்து இற்றுப்போயிருந்தன. கூரையின் மூலையில் துருப்பிடித்த ஓட்டை வழியே வெளிச்சம் தெரிந்தது. சேதத்தை ஆராய வந்த சர்வேயர் ஈரக்கறையின் மீது வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டுவிட்டதும் அது பால்போல் வெளுத்தது. உப்பு இருப்பதற்கான அடையாளம் அது, மழைநீராக இருந்தால் அப்படி வெளுக்காது. காப்பீட்டை நாடியபோதுதான், எங்களிடம் முழுக் காப்பீட்டுக்கான தொகையை வாங்கிக்கொண்டு, மிகக் குறைந்த பாதுகாப்பு தரும் ‘சி’ பிரிவு விதிகளில் பாலிசி எடுத்திருப்பது தெரியவந்தது. கன்டெய்னருக்குள் கடல்நீர் புகுவது ‘பி’ பிரிவில் உண்டு, ‘சி’யில் கிடையாது.

பெரிய மோசடி, சரக்கை ஏற்றிக்கொண்டதற்கு ஏற்றிச்செல்பவர் தரும் ஆவணமான பில் ஆஃப் லேடிங்கில் இருந்தது. கடல்வழிச் சரக்குப் போக்குவரத்துக்கான பன்னாட்டு விதிகளான ஹேக்–விஸ்பி விதிகளின்படி ஏற்றிச்செல்பவரின் பொறுப்புக்கு உச்சவரம்பு, ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். அல்லது சேதமான சரக்கின் மொத்த எடையில் கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இவற்றில் எது அதிகமோ அது. எஸ்.டி.ஆர். என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. பில்லில் 480 பெட்டிகள் என்று குறிப்பிட்டிருந்தால், சேதமான 60 பெட்டிகளுக்கு வரம்பு சுமார் 40,000 எஸ்.டி.ஆர். ஆகும், எங்கள் இழப்பு முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கும். விற்பனையாளர் அனுப்பிய விவரத்தில் 480 பெட்டிகள் என்று இருந்தும், ஃபார்வர்டர் தம் பெயரில் கொடுத்த ஹவுஸ் பில்லில் ‘ஒரு கன்டெய்னர்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தார். அப்படி எழுதினால் கன்டெய்னர் முழுவதும் ஒரே பொதி. எடைக் கணக்கில் பார்த்தாலும், பெட்டிக்கு 20 கிலோ வீதம் 1,200 கிலோவுக்கு 2,400 எஸ்.டி.ஆர்.தான். பொதிகளின் எண்ணிக்கையையோ அளவையோ எடையையோ பில்லில் காட்டும்படி கேட்கும் உரிமை அனுப்புநருக்கு உண்டு. எனவே பில்லின் வரைவைக் கப்பல் புறப்படும் முன்பே கேட்டு வாங்கி, அந்த வரியைத் திருத்தச் சொல்லுங்கள்.

தாம் ஏஜென்ட்தான் என்ற அவரது வாதமும் நிற்கவில்லை என்று எங்கள் வழக்கறிஞர் கருதுகிறார். தம் பெயரிலேயே பில் கொடுத்து, ஏற்றிச்செல்பவர் என்று கையெழுத்திட்டவர் அவர்தான்.

காலக்கெடுவிலும் கவனம் தேவை. அதே விதிகளின்படி, வெளியே தெரியும் சேதத்தைச் சரக்கைப் பெறும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தெரியாததை 3 நாட்களுக்குள். வழக்குத் தொடர டெலிவரியிலிருந்து ஓராண்டு மட்டுமே. “ஷிப்பிங் லைனுடன் பேசிக்கொண்டிருக்கிறோம்” என்ற ஃபார்வர்டரின் பதில்கள் அந்த ஓராண்டை விழுங்கப் பார்த்தன. எங்கள் வழக்கறிஞர் கெடு முடியும் முன்பே கால நீட்டிப்பை எழுத்தில் வாங்கியதால்தான் எங்கள் கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது.