எழும்பூர் ஆவணக் காப்பகம்: துறை தெரிந்தால் கோப்பு கிடைக்கும்

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள சிவப்புக் கட்டடம்தான் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். 1909இல் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸாகத் தொடங்கியது. பல்கலைக்கழகம், கட்சி அரசியல், காடு, ஆற்று மாசு ஆகியவற்றுக்கு இடையிலான தொடர்பைத் தேடுவோர் முதலில் வர வேண்டிய இடம் இது. 1880 முதல் 1947 வரையிலான காலத்துக்கு இதற்கு இணையான இடம் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் 1980க்குப் பிந்தைய சுற்றுச்சூழல் போராட்டங்களைத் தேடி இங்கே மட்டும் வந்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

நீங்கள் சார்ந்த நிறுவனத்திடமிருந்து ஒரு அறிமுகக் கடிதமும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். தலைப்பைப் பொதுவாக எழுதாமல் ஆண்டு, மாவட்டம், துறை மூன்றையும் குறித்துக்கொண்டு வந்தால் முதல் நாளிலேயே வேலை நகரும்.

கோப்பைத் தேடும் முறை இது. ஒவ்வொரு துறைக்கும் ஆண்டுவாரியாக இண்டெக்ஸ் தொகுதிகள் உண்டு. அவற்றில் பொருள் தலைப்பைப் பிடித்து, அரசாணை எண்ணையும் தேதியையும் எழுதிக்கொண்டு, கோப்பு கேட்கும் சீட்டில் துறை, எண், தேதி மூன்றையும் நிரப்பித் தர வேண்டும். அரசாணை எண் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஒவ்வொரு துறைக்கும் தனி வரிசை. அதனால் துறையையும் ஆண்டையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் எழுதினால் சம்பந்தமில்லாத கட்டு வந்து சேரும். பிறருடைய நூலின் அடிக்குறிப்பிலிருந்து எண்ணை எடுப்பவர்கள் அதிகம் இடறுவது இங்கேதான்.

அடுத்த சிக்கல் துறைப் பெயர்கள். பல்கலைக்கழகக் கோப்பு எல்லாக் காலத்திலும் 'கல்வித் துறை' என்ற ஒரே பெயரில் இருக்காது. 1910களில் ஹோம் (எஜுகேஷன்), 1920களில் லா (எஜுகேஷன்), பிறகு எஜுகேஷன் அண்டு பப்ளிக் ஹெல்த் என்று மாறிக்கொண்டே போகும். 1923ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகச் சட்டத்தையும் 1929இல் உருவான அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் ஒரே மூச்சில் படிக்க நினைப்பவர் இந்த மாற்றங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. காடும் அப்படித்தான்: வருவாய்த் துறை, வருவாய் வாரியம், வளர்ச்சித் துறை மூன்றிலும் பார்க்க வேண்டும். தோல் ஆலைக் கழிவு என்றால் லோக்கல் அண்டு முனிசிபல் துறையையும் விடக்கூடாது.

தலைப்புகள் எல்லாம் அன்றைய அதிகாரியின் ஆங்கிலம். 'என்விரான்மென்ட்' என்று தேடினால் எதுவும் அகப்படாது. ஃபாரஸ்ட்ஸ் (காடு), கிரேஸிங் (மேய்ச்சல்), டேனரீஸ் (தோல் ஆலை), நியூசன்ஸ் (தொல்லை) என்று தேடுங்கள். ஊர்ப் பெயரும் டின்னவெல்லி (திருநெல்வேலி), டூட்டிகொரின் (தூத்துக்குடி), டிரிச்சினாப்பொலி (திருச்சிராப்பள்ளி) என்றுதான் இருக்கும். வேலூர்ப் பக்கத்துச் செய்திகள் நார்த் ஆர்க்காட்டின் கீழ் வரும். வருவாய்க் கோப்புகளில் பசலி ஆண்டை, அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டைக் கண்டால் 590ஐக் கூட்டுங்கள்: பசலி 1320 என்பது 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை.

கையில் வரும் அரசாணையின் முடிவுப் பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கட்டைத் திருப்பித் தருவது பெரும் இழப்பு. மேலே 'ரெட்' (Read, 'படிக்கப்பட்டவை') என்று தொடங்கும் வரிகளில் முந்தைய கடிதங்களின் எண்கள் இருக்கும். அவற்றைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் மனு எழுதிய விவசாயிகளின் ஊர் வரை போகலாம். கூடவே குறிப்புக் கோப்பு இருந்தால் அதுதான் புதையல்: அதிகாரிகள் ஒருவரையொருவர் மறுத்து எழுதியது, வெட்டித் திருத்தியது எல்லாம் அதில் இருக்கும். 1882ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டத்துக்குப் பிறகு மேய்ச்சல் உரிமை கேட்டு எழுந்த மனக்குறையையும், 1913இல் வனக் குழு தந்த அறிக்கையையும் இந்த முறையில் படித்தால், காட்டுக்கான போராட்டம் எவ்வளவு பழையது என்பது விளங்கும்.

அரசியலுக்கு இரண்டு தொகுப்புகள் அவசியம். ஒன்று, அண்டர் செக்ரட்டரி சேஃப் ஃபைல்ஸ் எனப்படும் இரகசியக் கோப்புகள். இன்னொன்று, நேட்டிவ் நியூஸ்பேப்பர் ரிப்போர்ட்ஸ். இரண்டாவதில் எச்சரிக்கை தேவை. அது தமிழ் இதழ்களின் ஆங்கிலச் சுருக்கம். அரசு எதைக் கவனித்தது என்பதற்குத்தான் அது சான்று, இதழ் என்ன எழுதியது என்பதற்கு மூல இதழையே பார்க்க வேண்டும். அதற்கு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் சரியான இடம். 1938 இந்தி எதிர்ப்புப் போராட்டம் பற்றி மாகாண அரசு தில்லிக்கு அனுப்பிய இருவார அறிக்கைகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்துறை அரசியல் பிரிவில் உள்ளன. அங்குள்ள கோப்புகளை அபிலேக் படல் தளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். 1965 போராட்டத்துக்கு, குறிப்பாகச் சிதம்பரத்தில் துப்பாக்கிச் சூட்டில் மாணவர் இராசேந்திரன் இறந்த நாட்களுக்கு, எழும்பூரிலேயே உள்ள கன்னிமாரா நூலகத்தின் நாளிதழ்களையும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய தாள் நொறுங்கும். பென்சில் மட்டும் போதும். விரலை எச்சில் தொட்டுப் புரட்டவே கூடாது. மெல்லிய தாள் ஒட்டிச் செப்பனிட்ட பக்கங்களில் மை மங்கித் தெரியும், பக்கவாட்டு வெளிச்சத்தில் வைத்தால் வாசிக்கலாம்.

அண்மைக் காலத்துக்கு வழி வேறு. பாலாற்றுத் தோல் ஆலை வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சுற்றிய தாள்களுக்கு நீதிமன்ற ஆவணங்களையும், 1982இல் அமைந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் நாட வேண்டும். தகவல் உரிமைச் சட்ட மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினாலும் ஏற்பார்கள். பதிலுக்கு 30 நாள் காலவரம்பு. மனுவில் 'எல்லாக் கோப்பும்' என்று கேட்காமல் ஆலை, ஊர், ஆண்டு, ஆய்வறிக்கை என்று பிரித்துக் கேளுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பினாலும் 6(3) பிரிவின்படி அவர்களே 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வு என்றால் 8(3) பிரிவைக் குறிப்பிடுங்கள். பெரும்பாலான விலக்குகள் அதற்குப் பொருந்தாது.

போராடியவர்களின் துண்டறிக்கை, கூட்டக் குறிப்பு, கையெழுத்து மனு ஆகியவற்றின் மூலப் பிரதிகள் இன்னும் பல வீட்டுப் பெட்டிகளில்தான் இருக்கின்றன. அவற்றைக் கொடுக்க முன்வருபவர் இருந்தால், ஒவ்வொன்றின் பின்புறமும் தேதியையும் இடத்தையும் பென்சிலால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.