வடக்கே முதல் ஆசிரியர் வேலை: நுனாவுட்டா, வட ஒன்ராறியோவா?

ஒன்ராறியோவில் ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு வடக்கே போக நினைப்பவருக்கு முன்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கனடாவின் வட பிரதேசமான நுனாவுட். மற்றது, வட ஒன்ராறியோவில் விமானத்தில் போய்ச் சேரும் முதற்குடிக் கிராமங்கள். இரண்டும் தூரம், இரண்டும் குளிர் என்று ஒன்றாக எண்ணிவிடாதீர்கள். உங்களை வேலைக்கு வைப்பவர் யார் என்பதிலேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது.

1999 இல் உருவான நுனாவுட்டில் 25 ஊர்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு வீதி கிடையாது. பாடசாலைகளை நடத்துவது பிரதேச அரசு. எந்த ஊருக்குப் போனாலும் ஒரே சம்பளத் திட்டம். அதற்கு மேல் ஊரைப் பொறுத்து வடபகுதிப் படி. ஆசிரியர் சங்கமும் பக்கத்தில் நிற்கும்.

வட ஒன்ராறியோவில் பணம் தருவது மத்திய அரசு. பாடசாலையை நடத்துவது அந்தந்தச் சமூகத்தின் கல்விச் சபை. வதிவிடப் பாடசாலைகள் முதற்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த வரலாற்றுக்குப் பிறகு, தங்கள் பாடசாலை தங்கள் கையில் என்பது அந்த மக்கள் போராடிப் பெற்ற உரிமை. ஆனால் ஒப்பந்தம் ஊருக்கு ஊர் மாறும். மாகாண ஆசிரியர் ஓய்வூதியம் தானாக வரும் என்று நம்பிவிடாதீர்கள். மத்திய அரசின் அசட்டையையும் நேரில் காண்பீர்கள். அட்டவாபிஸ்கட் என்ற கிராமத்தில் டீசல் கசிந்த நிலத்தில் நின்ற பாடசாலை 2000 இல் மூடப்பட்டது. புதிய கட்டடம் திறந்தது 2014 இல். அதுவரை பிள்ளைகள் தற்காலிகக் கொட்டகைகளில் படித்தார்கள். நெஸ்கன்டாகா என்ற இன்னொரு கிராமத்தில் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேண்டும் என்ற அறிவிப்பு வந்தது 1995 இல். அங்கே ஒரு தலைமுறையே அப்படி வளர்ந்துவிட்டது.

என்னை அதிகம் உறுத்துவது உயர்நிலைப் பள்ளி விடயம். நுனாவுட்டில் பிள்ளை பொதுவாக 12ஆம் வகுப்பு வரை சொந்த ஊரிலேயே படிக்கலாம். வட ஒன்ராறியோவின் பல கிராமங்களில் எட்டாம், ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுவிடும். பதின்மூன்று, பதினான்கு வயதில் வீட்டை விட்டுத் தண்டர் பே, சூ லுக்அவுட் போன்ற நகரங்களுக்குப் போய், பிறர் வீட்டில் தங்கிப் படிக்கவேண்டும். 2000க்கும் 2011க்கும் இடையில் அப்படித் தண்டர் பேக்குப் போன ஏழு பிள்ளைகள் இறந்தார்கள். 2016 இல் முடிந்த மரண விசாரணை 145 பரிந்துரைகளைச் செய்தது. எட்டாம் வகுப்பு எடுக்கிறவர் அந்தப் பயணத்துக்கும் பிள்ளையைத் தயார்ப்படுத்துகிறார். முதல் வருட ஆசிரியருக்கு அது மிகப் பெரிய பாரம்.

வகுப்பறையில் வேறு பாடங்கள் உங்களுக்குக் காத்திருக்கும். இனுயிட் பிள்ளை புருவத்தை உயர்த்தினால் 'ஆம்', மூக்கைச் சுருக்கினால் 'இல்லை'. இது தெரியாதவர் பிள்ளை பேசவில்லை என்று குறித்துவைப்பார். ஜேம்ஸ் விரிகுடாவை ஒட்டிய, கிரீ என்ற முதற்குடி மக்களின் ஊர்களில் வசந்தத்தில் வாத்து வேட்டைக்காகப் பாடசாலைக்கே விடுமுறை. அதைப் படிப்புக்குத் தடை என்று பார்ப்பவர் வடக்கே போகாமலிருப்பது நல்லது.

பிரெஞ்சு தெரிந்தால் கியூபெக்கின் வடக்கே இனுயிட் மக்கள் வாழும் நுனாவிக்கையும் பாருங்கள். 14 ஊர்களுக்கும் ஒரே கல்விச் சபை; தொடக்க வகுப்புகள் இனுயிட் மொழியான இனுக்டிடூட்டில், பிறகு ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில்.

என் தெரிவு நுனாவுட். அனுபவமில்லாத ஆசிரியர் தடுமாறும்போது தாங்கிப்பிடிக்க அங்கே ஒரு அமைப்பு இருக்கிறது. வட ஒன்ராறியோவுக்கு இரண்டு மூன்று வருட அனுபவத்தோடு போனால் அந்தப் பிள்ளைகளுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். அந்த ஊரில் உங்களை அறிந்தவர் இருந்தால், அல்லது நல்ல அதிபர் ஒருவர் பல வருடமாக நிலைத்திருந்தால், முதல் வேலைக்கே போகலாம்.

நேர்முகத்தில் வீட்டைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள்: தனி வீடா, பகிர்வதா, வாடகை எவ்வளவு? உள்ளூர்க் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் ஊரில்தான் உங்களுக்கு அந்த வீடு ஒதுக்கப்படுகிறது என்பதையும் மனதில் வையுங்கள். உங்களுக்கு முன் அந்த வகுப்பை எடுத்தவர் எத்தனை மாதம் இருந்தார் என்றும் கேளுங்கள். நத்தாருக்கு வீடு வந்தால் திரும்பிப் போகமாட்டேன் என்று இப்போதே தோன்றினால் கையெழுத்திடாதீர்கள். ஜனவரியில் அந்த வகுப்புக்கு வேறு ஆசிரியர் கிடைப்பது மிகவும் கடினம்.