ஃபயர்வாட்ச், ஈடித் ஃபின்ச், அவுட்டர் வைல்ட்ஸ்: கதை ஓடும்போது கைக்கு என்ன வேலை?

கதைக்காக விளையாடும் கேம்களை 'வாக்கிங் சிமுலேட்டர்' என்று கிண்டல் செய்வார்கள். நடந்து போய் டைரியைப் படி, மறுபடி நட, அவ்வளவுதானே என்று. கிண்டலில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பல கேம்களில் கதை ஒரு பக்கம் ஓடும், நம் கட்டைவிரல் சும்மா கன்ட்ரோலரில் இருக்கும் ஸ்டிக்கை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். இந்த மூன்று கேம்களும் அந்தக் கட்டைவிரலுக்கு ஒரு வேலை தேடியிருக்கின்றன.

2016-இல் வந்த ஃபயர்வாட்ச் 1989-இல், வயோமிங் காட்டில் நடக்கிறது. மனைவியின் மறதி நோயிலிருந்து ஓடிவந்த ஹென்றி, காட்டுத்தீயைக் கண்காணிக்கும் கோபுரத்தில் வேலைக்குச் சேர்கிறான். பேச்சுத்துணை, வாக்கி-டாக்கியில் வரும் டிலைலா மட்டும். நடக்கும்போதே அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும், அதுவும் சில நொடிகளுக்குள். சொல்லாமல் விட்டால் அந்த மௌனத்தையும் அவள் ஒரு பதிலாக எடுத்துக்கொள்கிறாள். அருமையான யோசனை. ஆனால் பேச்சைத் தாண்டினால் கைக்குக் கிடைப்பது கயிறு ஏறுவதும் பெட்டி திறப்பதும்தான். பெட்டிகளின் பூட்டு எண் எல்லாவற்றுக்கும் 1234! நீங்கள் எந்தப் பதிலைச் சொன்னாலும் முடிவு ஒன்றுதான். எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. 'என் தேர்வுக்கு என்ன மதிப்பு' என்று கேட்பவர்களுக்குக் கடுப்பாகும்.

அடுத்த வருடம் வந்த 'வாட் ரிமெயின்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்' வேறு வழியில் போகிறது. ஒரு குடும்பத்தில் ஒவ்வொருவரும் எப்படிச் செத்தார்கள் என்பதுதான் கதை. ஒவ்வொரு சாவுக்கும் தனியாக ஒரு விளையாட்டு முறை. மீன் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்க்கும் லூயிஸின் பகுதியைச் சொல்லியே ஆக வேண்டும். வலது ஸ்டிக்கால் மீனை இழுத்து, கத்திக்கு அடியில் நீட்டி, தலை போனதும் பெல்ட்டில் தள்ள வேண்டும். மறுபடி அடுத்த மீன். இதற்கு நடுவே அவன் பகல் கனவு திரையில் ஓர் ஓரமாய் முளைக்கும். இடது ஸ்டிக்கால் அந்தக் கனவுக்குள் நடக்க வேண்டும். கனவு வளர்ந்து திரை முழுவதையும் மூடிவிடும், வலது கை மட்டும் தன்பாட்டுக்கு மீன் வெட்டிக்கொண்டே இருக்கும். அவன் மனம் எங்கே போய்விட்டது என்று வசனம் சொல்லும் முன்பே என் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. கதையும் விளையாட்டும் இவ்வளவு ஒட்டிப்போன இடத்தை வேறு எங்கும் நான் பார்க்கவில்லை. ஆனால் நாம் தோற்கவே முடியாத கேம் இது. தண்டவாளத்தில் போகும் வண்டி மாதிரி. இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

2019-இல் வந்த அவுட்டர் வைல்ட்ஸ் தண்டவாளத்தையே பிடுங்கிப் போட்டுவிட்டது. ஒரு குட்டி சூரியக் குடும்பம், ஓட்டை உடைசல் விண்கலம், 22 நிமிடம். பிறகு சூரியன் வெடிக்கும், நீங்கள் பழைய இடத்திலேயே கண் விழிப்பீர்கள். புது ஆயுதம், லெவல், சாவி எதுவும் கிடையாது. போன சுற்றில் தெரிந்துகொண்டது மட்டும் கையில் நிற்கும். ஒரு குகைச் சுவரில், அழிந்துபோன இனத்தின் பிள்ளைகள் ஆடிய ஒரு விளையாட்டின் விதிகள் எழுதியிருக்கும். சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று படித்துவிட்டு நகர்ந்தேன். வேறோர் இடத்தில் திரும்பத் திரும்பச் செத்த பிறகுதான் அந்த விதிகள் எதற்கென்று உறைத்தது. இதற்கு மேல் சொன்னால் பாவம். கதையின் ஒரு துண்டே இங்கே சாவியாகிவிடுகிறது.

இதற்கும் விலை உண்டு. சிக்கிக்கொண்டால் கதையும் அங்கேயே நின்றுவிடும். ஈடித்தில் நான் அழுதேன். இதிலோ முதல் சில மணி நேரம் எரிச்சல்தான் பட்டேன். மனிதர்களை நெருங்கிப் பார்க்கும் சுகமும் இதில் குறைவு.

ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால் ஈடித். தனிமையும் நல்ல பேச்சும் போதும் என்றால் ஃபயர்வாட்ச். எனக்கு ஒன்றுதான் என்றால் யோசிக்காமல் அவுட்டர் வைல்ட்ஸ். ஆனால் எவ்வளவு முழித்தாலும் யூடியூபைத் திறந்துவிடாதீர்கள். விடை தெரிந்துவிட்டால் அப்புறம் அதில் விளையாட எதுவும் மிச்சமிருக்காது. இரண்டாவது முறை விளையாட உட்கார்ந்து அரை மணியில் மூடிவைத்தவன் நான்.