கழுத்து நோவுக்குப் போன இடத்தில் கழுத்தறுப்பு

அந்தக் கிளினிக்கின் பெயரை எழுதமாட்டேன். முறைப்பாடு இன்னும் முடியவில்லை. ரொறன்ரோப் பக்கம், ஸ்காபரோவில், மார்க்கத்தில், பிரம்ரனில் இருக்கிறவர்கள் நடந்ததை மட்டும் வாசித்து வைத்துக்கொள்ளுங்கள். கார் வைத்திருக்கிற எவருக்கும் இது நடக்கலாம்.

2023 நவம்பர், வேலை முடிந்து வருகிற நேரம். மார்க்கம் வீதியில் சிவப்பு விளக்குக்கு நிற்கிறேன், பின்னால் ஒரு வான் வந்து இடித்தது. பெரிய இடி இல்லை. இறங்கி நின்று கதைத்தேன், இரத்தம் இல்லை, நோவும் இல்லை. நாங்கள் ஒருவரையும் கூப்பிட முன்னமே டோ ட்ரக் வந்து நின்றுவிட்டது. "அக்கா தமிழோ?" என்று கேட்ட பெடியன் காரைக் கொழுவிக்கொண்டே ஒரு கிளினிக்கின் கார்ட்டை நீட்டினான். "கழுத்து நோ இப்ப தெரியாது, நாளைக்குத்தான் தெரியும். இவை எங்கட ஆக்கள், எல்லாம் பாப்பினம்." என்னுடைய நம்பரையும் வாங்கிக்கொண்டான். நானும் கொடுத்தேன்.

அவன் சொன்னதில் அது ஒன்று உண்மை. விடிய எழும்பேக்க கழுத்து மரக்கட்டை. எமர்ஜென்சியில் ஐந்து மணித்தியாலம் இருந்தேன். டொக்டர் விரல் விறைக்கிறதா என்று கேட்டார், நடுக்கழுத்தை அழுத்திப் பார்த்தார், தலையை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பச் சொன்னார். "எக்ஸ்ரே தேவையில்லை, கழுத்தை அசைச்சுக்கொண்டு இருங்கோ" என்று அனுப்பிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. இதுக்கோ இவ்வளவு நேரம் காத்திருந்தேன்?

அடுத்த நாள் கிளினிக்கிலிருந்து போன். எக்ஸ்ரே எடுக்கவில்லை என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். "பாத்தீங்களே அக்கா, ஆஸ்பத்திரியில ஒண்டும் செய்யாமல் அனுப்பிப்போட்டினம். நீங்கள் உடன வாங்கோ." அந்த ஒரு சொல்லில் விழுந்தேன்.

பிறகு என் குடும்ப டொக்டர் விளங்கப்படுத்தினார். எக்ஸ்ரே வேண்டுமா என்று தீர்மானிக்க ஒட்டாவாவில் ஆராய்ந்து 2001இல் வெளியிட்ட ஒரு விதி இருக்கிறது. 65 வயதுக்குக் குறைவு, சாதாரணப் பின்னிடி, கைகால் விறைப்பு இல்லை, இரண்டு பக்கமும் 45 பாகை திருப்ப முடிகிறது என்றால் எக்ஸ்ரே தேவையில்லை. எமர்ஜென்சி டொக்டர் செய்தது அச்சொட்டாக அதைத்தான். எனக்கு ஒழுங்காக வைத்தியம் பார்த்த மனுசனைத்தான் நான் திட்டியிருக்கிறேன்.

கிளினிக் ஒரு பிளாசாவின் மேல்மாடியில், கீழே நகைக்கடை. முன்மேசையில் இருந்த பிள்ளை முதலில் கேட்டது எந்த ஊர் என்று. அனலைதீவு என்றேன். "ஐயோ, எங்கட அம்மம்மாவும் அங்கதான்!" இதற்குப் பிறகு யார் பேப்பரை வாசிப்பார்கள்? ஒரு கட்டுப் பேப்பர், கையெழுத்துப் போட வேண்டிய இடமெல்லாம் மஞ்சள் ஒட்டுத்தாள். பாதிப் பெட்டிகள் வெறுமையாக இருந்தன. கடைசியில் ஒரு வருகைத் தாள். தேதி இல்லை, வரிசையாகக் கோடுகள் மட்டும். "ஒவ்வொரு முறையும் கரைச்சல்தானே அக்கா, இப்பவே எல்லாத்திலயும் போட்டுவிடுங்கோ." போட்டேன். பேனைகூட அவளுடையதுதான்.

கைரோபிராக்டர், அதாவது கழுத்தையும் முதுகெலும்பையும் கையால் முறித்து வைத்தியம் செய்கிறவர், என்னோடு இருந்தது நாலு நிமிசம். படுக்கச் சொன்னார், தலையை இரண்டு கையாலும் பிடித்தார், "ரிலாக்ஸ்" என்றார், மடக். எனக்கு உயிர் போய் வந்தது. இப்படித் திருப்பப் போகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழுத்தெலும்புக்குள்ளால் மூளைக்குப் போகிற இரண்டு இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. சடாரென்று திருப்பும்போது அவற்றின் சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் 1998இல் சஸ்கற்றூனில் கழுத்து முறிக்கப் போன 20 வயதுப் பெண் ஒருத்தி இறந்து மரண விசாரணையே நடந்தது. அந்த ஆபத்தைச் சொல்லுகிற சம்மதப் பத்திரமும் அந்தக் கட்டுக்குள்தான் இருந்தது. அதிலும் கையெழுத்து இருக்கிறது, என்னுடையது.

கைரோபிராக்டிக் எல்லாம் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. என் அத்தான் நாரிக்கு வருசக்கணக்காக ஒருவரிடம் போகிறார், நல்ல மனுசன், கேட்காமல் தொடமாட்டார். அந்த வைத்தியத்தைத் தொடங்கின பாமர் 1845இல் பிறந்ததே நமக்குப் பக்கத்துப் பிக்கறிங்கில்தானாம். என் வழக்கு வைத்தியத்தோடு இல்லை.

கிறிஸ்மஸ் வரைக்கும் ஒன்பது தரம் போனேன். ஒவ்வொரு தரமும் திரைச்சீலைக்குப் பின்னால் சூட்டு ஒத்தடம், கரண்ட் பட்டி, இருபது நிமிசம் போனைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ஒருநாள்கூட ஒருவரும் ஒரு பயிற்சி சொல்லித்தரவில்லை. ஒரு தலையணை தந்தார்கள், டொலர் கடைத் தலையணை மாதிரி.

ஜனவரியில் வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் கூசத் தொடங்கின. குடும்ப டொக்டர் முழங்கையில் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், கையைப் பிடித்துப் பலம் பார்த்தார். நரம்பு வேலை சரியாகத்தான் இருந்தது. 1995இல் கியூபெக் குழு ஒன்று இந்தக் காயத்தைத் தரம் பிரித்திருக்கிறது. வெறும் நோ என்றால் ஒன்று, கழுத்து திரும்பாமல் இறுகினால் இரண்டு, நரம்பு பாதித்தால் மூன்று, எலும்பு உடைந்தால் நான்கு. நான் இரண்டு. "ஒழுங்கான ஃபிசியோவிடம் போங்கோ, மாறும்" என்றார்.

போகக் காசு வேண்டுமே. ஒன்ராறியோவில் ஒன்றும் இரண்டும் கார் இன்சூரன்சின் சிறு காயக் கணக்கில்தான் வரும். சோதனை, வைத்தியம், சாமான் எல்லாம் சேர்த்து 3,500 டொலர், அதற்கு மேல் இல்லை. இன்சூரன்சில் என் கணக்கைப் பார்க்கிற அட்ஜஸ்டரைக் கேட்டால் மிச்சம் 240 டொலராம். அவர் அனுப்பின கணக்கைப் பார்த்தேன். தலையணைக்கு 180. நாரிக்கு வைக்கிற குஷன், வீட்டில் போடுகிற கரண்ட் மெசின், இரண்டையும் நான் கண்ணால் கண்டதில்லை.

அதோடு முடியவில்லை. அப்போதைய விதிப்படி வேலையிடத்துப் பெனிஃபிட், அதாவது வேலையால் கிடைக்கிற மருத்துவக் காப்புறுதிதான் முதலில் கட்ட வேண்டும். அதிலும் கைரோ, மசாஜ் இரண்டுக்கும் வருசத்துக்கு உள்ள காசு முழுவதும் துடைத்தாகிவிட்டது. எனக்கு ஒருவரும் மசாஜ் செய்யவேயில்லை! டிசெம்பர் 16ஆம் தேதி ஒரு மசாஜ் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு நான் மொன்றியலில் பெரியப்பாவின் அந்திரட்டிக் கிரியையில் நிற்கிறேன். இன்னும் நாலு நாளுக்கும் கணக்குப் போட்டிருக்கிறார்கள், அன்றைக்கெல்லாம் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் பகல் ஷிஃப்ட்.

பெனிஃபிட் கொம்பனிக்குப் போன் எடுத்துக் கத்தினேன். அந்தப் பெண் அமைதியாகக் கேட்டார்: "16ஆம் தேதிக்கு வந்ததாக உங்கள் கையெழுத்து இருக்கிறதே, அது உங்களுடையதுதானா?"

என்னுடையதுதான்.

அதுவரைக்கும் என்னை ஏமாற்றினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிசம்தான் நானும் சேர்ந்து ஏமாற்றினதாகப் பேப்பர் சொல்லுகிறது என்று விளங்கியது. இரண்டு நாள் நித்திரை இல்லை. வேலை போய்விடுமோ என்ற பயம். எத்தனை பேர் இந்தப் பயத்திலேயே வாய் திறக்காமல் இருக்கிறார்களோ தெரியாது. கிளினிக்காரருக்கும் அது தெரியும், அதுதான் அவர்களுக்குத் துணிவு.

இடிபட்டால் ஏழு நாளுக்குள் உங்கள் கார் இன்சூரன்சுக்கு நீங்களே சொல்லுங்கள். எந்தக் கிளினிக் என்பது உங்கள் விருப்பம், டோ ட்ரக் பெடியனுடையது இல்லை. கைரோபிராக்டர், ஃபிசியோ, மசாஜ் செய்கிறவர், மூன்று பேருக்கும் ஒன்ராறியோவில் தனித்தனிக் கொலேஜ் இருக்கிறது, படிக்கிற இடம் இல்லை, அந்தத் தொழிலைக் கண்காணிக்கிற சபை. அதன் இணையத்தளத்தில் பெயரைப் போட்டால் பழைய ஒழுங்கு நடவடிக்கை வரை வரும். கிளினிக் நேரடியாக இன்சூரன்சுக்குப் பில் அனுப்புவதற்கு, இன்சூரன்சைக் கண்காணிக்கிற மாகாண அமைப்பான எஃப்.எஸ்.ஆர்.ஏ.யின் லைசென்ஸ் வேண்டும், அதையும் பார்க்கலாம். வெறும் பெட்டி உள்ள பேப்பரில் பேனையை வைக்காதீர்கள். வருகைத் தாளில் அன்றைக்கு, அன்றைய தேதிக்கு மட்டும். போட்டதும் போனில் ஒரு படம் எடுங்கள். ஊர்க்காரர் என்றால் இரண்டு படம் எடுங்கள்.

இப்போது என் சொந்தக் காசில் வேறோர் ஃபிசியோவிடம் போகிறேன். முதல் நாளே முக்கால் மணித்தியாலம் என்னைச் சோதித்தார். நிமிர்ந்து படுத்து, நாடியை, அதாவது மோவாயை, மெல்ல உள்ளுக்கு இழுத்து, ஓம் என்று தலையாட்டுகிற அளவுக்கு மட்டும் அசைத்துப் பத்து விநாடி பிடிக்க வேண்டும். பார்த்தால் ஒன்றுமில்லாத வேலை, மூன்றாவது தரத்திலேயே கழுத்து நடுங்கும். ஆறு கிழமையில் விரல் கூச்சம் நின்றுவிட்டது. கார் ஓட்டும்போது திரும்பிப் பார்க்கவும் முடிகிறது.

கொலேஜுக்கும் எஃப்.எஸ்.ஆர்.ஏ.க்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். 16ஆம் தேதிக் கணக்கு பொய் என்பதை மட்டும் பெனிஃபிட்காரர் ஒத்துக்கொண்டார்கள், அந்திரட்டி மண்டபத்தில் எடுத்த படம் தேதியோடு போனில் இருந்ததால். மற்ற நாலு நாளுக்கும் வேலையிடத்துப் பஞ்ச் பதிவு வேண்டுமாம். மனேஜர் வெள்ளிக்கிழமை எடுத்துத் தருகிறேன் என்றிருக்கிறார்.