துபாய் டிவியா, டல்லாஸ் டிவியா, கிருஷ்ணகிரிக் கடை டிவியா?

காவேரிப்பட்டணத்தில் என் அக்கா வீட்டில் பதினொரு ஆண்டுகள் ஓடிய தொலைக்காட்சி, சென்ற மாங்காய்ப் பருவத்தில் ஓர் இடிமழை இரவோடு நின்றுபோனது. துபாயில் வேலை பார்க்கும் அவள் மகனும் டல்லாஸில் குடியிருக்கும் அவள் மகளும் ஆளுக்கொரு முறை அழைத்து, "புதுசு வாங்காதீங்கம்மா, நான் வரும்போது கொண்டாந்துடறேன்" என்று சொல்லிவிட்டார்கள். பிறகு இருவரும் தனித்தனியே என்னிடம் கேட்ட கேள்வியும் ஒன்றேதான்: "மாமா, இங்க வாங்குற டிவி நம்ம ஊர்ல ஓடுமா?" மின்னணுச் சாமான்களோடு ஓரளவு பழக்கம் உள்ளவன் என்பதால் குடும்பத்தில் இப்படிப்பட்ட கேள்விகள் என்னிடமே வந்து சேரும். இரண்டு டிவிகளையும் நம் கடைத் தெருவில் கிடைக்கும் மூன்றாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, எல்லோரும் முதலில் அஞ்சும் வோல்டேஜ் பெரும்பாலும் எளிதில் தீரும் சிக்கல் என்பதும், யாரும் கேட்காத வேறு இரண்டு விஷயங்களே முடிவைத் தீர்மானிக்கின்றன என்பதும் தெரிந்தது.

மின்சாரத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலைகள். துபாய், சிங்கப்பூர், மலேசியா, குவைத், கத்தார், ஓமன் ஆகிய இடங்களிலும் 230 முதல் 240 வோல்ட் வரை, அதே 50 ஹெர்ட்ஸ்தான். சவுதியில் மட்டும் அதிர்வெண் 60. ஆகவே துபாய் டிவிக்கு வேண்டியது பட்டைக் கால்கள் மூன்று கொண்ட பிரிட்டிஷ் வகை பிளக்கை நம் சாக்கெட்டில் பொருத்த ஓர் அடாப்டர் மட்டுமே. அதுவும் தளர்வாக ஆடாத, நல்ல அடாப்டராக இருக்க வேண்டும், ஏனெனில் தளர்ந்த இணைப்பில் பறக்கும் தீப்பொறி டிவிக்கும் சுவருக்கும் ஒருசேரக் கேடு.

டல்லாஸ் டிவியின் கதை வேறு. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிவியின் முதுகில் ஒட்டியிருக்கும் பட்டியில் "100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று அச்சிட்டிருந்தால் நம் மின்சாரம் அதற்குப் பொருந்தும். "120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்" என்று மட்டும் இருந்தால் நேரடியாகச் செருகவே கூடாது. இன்றைய டிவிகள் எல்லாமே எஸ்எம்பிஎஸ் வகை (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுச் சீராக்கும்) மின்பலகை கொண்டவைதானே, எதையும் தாங்கும் என்று சிலர் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை. உள்ளே வரும் மாறுமின்னோட்டம் முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றப்படுவதால் 50, 60 என்ற வேறுபாடு அங்கேயே மறைந்துவிடும்; ஆனால் வோல்டேஜ் மறையாது. 120 வோல்ட்டை நேர்மின்னோட்டமாக்கினால் உச்சமாகக் கிடைப்பது ஏறத்தாழ 170 வோல்ட், நம் 230 வோல்ட்டில் கிடைப்பது ஏறத்தாழ 325 வோல்ட். அமெரிக்காவுக்கென்று மட்டும் செய்த மின்பலகையில் 200 வோல்ட் தாங்கும் பெரிய கெப்பாசிட்டர் (மின்தேக்கி) இருந்தால், 325 வோல்ட் வந்த மாத்திரத்தில் அது வெடித்து உப்பிப்போகும். பட்டியில் 120 என்று மட்டும் அச்சிட்டு உள்ளே 450 வோல்ட் கெப்பாசிட்டர் வைத்திருக்கும் பலகைகளும் உண்டு என்றாலும், பட்டி அனுமதிக்காததைப் பலகையைப் பார்த்து ஊகித்துச் செருகுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வோல்டேஜை இறக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக்கொள்ளலாமே என்றாள் மகள். வைக்கலாம். 55 அங்குல டிவி 150 வாட் அளவு இழுக்கும் என்றால் 300 விஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் தாங்குதிறன்) அல்லது அதற்கு மேற்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் போதும். முடி உலர்த்தும் கருவிகளுக்காகப் பயணப் பைகளில் போட்டுச் செல்லும் இலேசான மின்னணு கன்வெர்ட்டர் மட்டும் டிவிக்கு ஆகாது, அது மின்னலையை வெட்டி வெட்டி அனுப்புவது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வருவதை விகிதப்படி குறைப்பதோடு சரி, நிலைப்படுத்தாது. கோடை மாலையில் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் கிராமத்துப் பக்கம் வோல்டேஜ் 170க்கு இறங்கினால், 110க்கு இறக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் மறுமுனையில் வருவது 81 வோல்ட்தான். 120 வோல்ட் டிவி அதில் தள்ளாடும் அல்லது அணைந்துவிடும். வேடிக்கை என்னவென்றால், "100–240" என்று அச்சிட்ட அமெரிக்க டிவி இந்த 170ஐச் சலனமின்றி ஏற்கும், "220–240" என்று மட்டும் அச்சிட்ட டிவிக்கு அந்த உறுதி இல்லை. எங்கிருந்து வந்தாலும், கிருஷ்ணகிரிக் கடையிலேயே வாங்கினாலும், பட்டியில் உள்ள கீழெல்லையைப் படிப்பது நம் மாவட்டத்துக்குப் பயன்தரும் பழக்கம்.

மின்சாரம் ஒத்துப்போய், டிவி உயிர்பெற்று, நிறுவனத்தின் முத்திரையும் திரையில் தோன்றிய பிறகுதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது. நம் வீடுகளில் படம் வருவது அரசு கேபிள் அல்லது தனியார் கேபிளின் செட்டாப் பாக்ஸ் வழியாக, இல்லையென்றால் டிஷ் வழியாக. இந்தப் பெட்டிகள் நொடிக்கு 50 என்ற கணக்கில் படத்தை அனுப்புகின்றன. அமெரிக்க டிவி நொடிக்கு 60 என்ற கணக்குக்கு வளர்ந்தது. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் வயர்களால் பழைய பெட்டியை இணைத்தால் வருவது 'பால்' முறைச் சமிக்ஞை (ஆவின் பால் இல்லை, நம் பக்கத்து மெக்கானிக்குகள் சொல்லும் பால், அதாவது நம் நாட்டின் பழைய வண்ணப்பட முறை). அமெரிக்காவின் பழைய முறையான என்டிஎஸ்சி மட்டும் அறிந்த டிவி அதைக் கறுப்பு வெள்ளையாகக் காட்டும், அல்லது படம் மேலும் கீழுமாக உருளும். எச்டிஎம்ஐ வயரில் இணைத்தால் வண்ணச் சிக்கல் தீர்ந்துவிடும், ஆனால் 50 ஹெர்ட்ஸ் என்ற ஒன்றுக்காகவே சில அமெரிக்க மாடல்கள் "ஆதரிக்கப்படாத சமிக்ஞை" என்று எழுதிவிட்டு இருண்ட திரையோடு நின்றுவிடும். சில மாடல்கள் கேள்வியே கேட்காமல் ஏற்றுக்கொள்ளும். எது எந்த ரகம் என்பதை அங்கேயே, கடையிலிருந்து வாங்கும் முன்பே கண்டறிய ஒரு வழி இருக்கிறது: நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலின் கையேட்டை இறக்கி, எச்டிஎம்ஐ ஏற்கும் வடிவங்களின் அட்டவணையைப் பார்க்க வேண்டும். 576, 720, 1080 ஆகிய படத் துல்லிய எண்களின் எதிரே 50 ஹெர்ட்ஸ் என்ற வரியும் இருந்தால் நம் பெட்டியோடு பேசும். எல்லா வரியும் 24, 30, 60 என்றே முடிந்தால் பேசும் என்று நம்ப முடியாது. சில செட்டாப் பாக்ஸ்களின் அமைப்புப் பக்கத்தில் வெளியீட்டை 60க்கு மாற்ற இடமிருக்கிறது, உங்கள் பெட்டியில் அது உண்டா என்று ரிமோட்டை எடுத்துத் தேடிப் பார்ப்பது வீண்போகாது. துபாய் டிவிக்கு இந்த அவதி எதுவும் இல்லை. அது பிறந்ததே 50 ஹெர்ட்ஸ் ஊருக்காக.

ஆன்டெனாவின் ஒளிபரப்பைப் பிடிக்கும் ட்யூனரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அமெரிக்காவில் ஏடிஎஸ்சி, வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் டிவிபி, ஜப்பானில் ஐஎஸ்டிபி என்று வான்வழி ஒளிபரப்பு முறைகள் நாட்டுக்கு நாடு வேறுபட்டாலும், மாடியில் ஆன்டெனா திருப்பிய காலம் நம் மாவட்டத்தில் முடிந்துவிட்டது. செட்டாப் பாக்ஸ் வந்தபின் டிவி வெறும் திரைதான்.

ஸ்மார்ட் டிவி என்றால் செயலிகள் என்னும் கேள்வி எழும். டிவியின் செயலிக் கடை அது எந்த நாட்டுக்காக விற்கப்பட்டதோ அதைச் சார்ந்தது என்பதால், நம் தமிழ் அலைவரிசைகளின் செயலிகள் சில அதில் தென்படாமல் போகலாம். இங்கே வாங்கிய ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை எச்டிஎம்ஐ துளையில் செருகினால் அந்தக் குறை அநேகமாகத் தீரும். பல ஸ்டிக்குகள் 60 ஹெர்ட்ஸிலும் படம் அனுப்புவதால் அமெரிக்க டிவிக்கும் அது பொருந்தும். கேபிளே இல்லாமல் இணையத்தில் மட்டும் பார்க்கும் வீட்டில், "100–240" பட்டி உள்ள அமெரிக்க டிவி குறைவின்றி ஓடும் என்று சொல்லத் தயங்க மாட்டேன். ஒரு சிறு எச்சரிக்கை: அமெரிக்கக் கருவிகள் வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1 முதல் 11 வரையிலான சேனல்களையே தேடும், நம் ரவுட்டர் 12 அல்லது 13இல் இருந்தால் டிவிக்கு அது கண்ணில் படாது. ரவுட்டர் பழுது என்று ஆளை வரவழைக்கும் முன் சேனலை மாற்றிப் பாருங்கள்.

இனிப் பணக் கணக்கு. துபாய் டிவி தோற்பது இங்கேதான். ஒருகாலத்தில் வரியில்லாப் பயணச் சலுகைக்குள் டிவியைக் கொண்டுவர முடிந்தது. ரூபாய் மதிப்பு சரிந்துகொண்டிருந்த 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் 26 முதல் எல்சிடி, எல்இடி, பிளாஸ்மா ஆகிய தட்டைத்திரை டிவிகள் அந்தச் சலுகையிலிருந்து நீக்கப்பட்டன. அன்று விதித்த சுங்கம் 36.05 சதவீதம், 2018இல் சமூக நல மேல்வரி வந்தபின் அது 38.5 சதவீதம் ஆயிற்று. பெங்களூரு விமான நிலையத்தில் இறங்கி ஓசூர் வழியாக ஊருக்கு வரும் நம் பிள்ளைகள், 40,000 ரூபாய் மதிப்பிடப்பட்ட டிவிக்கு அந்த விகிதத்தில் 15,400 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். விகிதம் மாறக்கூடியது என்பதால் பயணத்துக்கு முன் சுங்கத் துறையின் தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு வாழ்வை முடித்துக்கொண்டு நிரந்தரமாகத் திரும்புவோருக்குத் தனி விதிகள் உண்டு. இன்னொரு பக்கம், 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு இங்கே இருந்த 28 சதவீத ஜிஎஸ்டி, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகிவிட்டது. வரிக்கு முன் 40,000 ரூபாய் உள்ள ஒரு டிவி, முன்பு 51,200 ரூபாய், இப்போது 47,200 ரூபாய். துபாயில் வாட் (மதிப்புக் கூட்டு) வரி 5 சதவீதமே என்ற மகிழ்ச்சி விமான நிலையத்தில் சுங்கம் கட்டும் சிவப்பு வாசலோடு முடிந்துவிடுகிறது.

பெட்டியின் அளவும் இடிக்கும். பல விமான நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 செ.மீ.க்குள் இருக்கச் சொல்கின்றன. 43 அங்குலத் திரையின் நீள அகலம் மட்டுமே 148 செ.மீ.க்கு மேல் போகும்; பெட்டியும் தெர்மோகோலும் சேர்ந்தால் எல்லை தாண்டிவிடும். வளைகுடா நிறுவனங்கள் சில இதைவிடத் தாராளமாக இருக்கின்றன, அமெரிக்கப் பயணத்தில் அந்தத் தாராளத்தை எதிர்பார்க்க முடியாது.

பழுதைப் பொறுத்தவரை கிருஷ்ணகிரிக் கடை டிவிக்கு நிகரில்லை. உத்தரவாதம் பொதுவாக விற்ற நாட்டுக்குள்தான் செல்லும். சாம்சங்கின் பல மாடல் எண்களில் முதலெழுத்துகளே இதைச் சொல்லிவிடும்: வட அமெரிக்காவுக்கு 'யூஎன்', ஐரோப்பாவுக்கு 'யூஇ', ஆசியாவுக்கும் வளைகுடாவுக்கும் 'யூஏ'. துபாய் டிவியும் நம் ஊர் டிவியும் ஒரே 'யூஏ'வில் தொடங்கினாலும் கடைசி எழுத்துகள் மாறும், சேவை மையத்தில் அந்தக் கடைசி எழுத்துகளைத்தான் பார்ப்பார்கள். திரைக்குப் பின்னிருந்து ஒளி தரும் பேக்லைட் பட்டையோ மின்பலகையோ போனால் ரவுண்டானாப் பக்கத்து மெக்கானிக்கே யுனிவர்சல் பலகை வைத்துச் சமாளித்துவிடுவார். பேனல், அதாவது திரையே, போனால் அதன் விலை டிவியின் விலையை நெருங்கும், அதுவும் இங்கே விற்காத மாடல் என்றால் பேனல் கிடைப்பதே அரிது.

மகள் தன் வீட்டில் ஓடும் டிவியின் பட்டியைப் படம் பிடித்து அனுப்பினாள்: 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். கையேட்டிலும் 50 என்ற எண் எங்குமில்லை. நாளைக்கே அவள் குடும்பத்தோடு ஊர் திரும்பிச் சாமான்களைக் கப்பலில் அனுப்பினாலும் அந்த டிவியை அங்கேயே விற்றுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். மகனிடம் சுங்கக் கணக்கைச் சொன்னதும், அவன் டிவிக்கு வைத்திருந்த பணத்தை அம்மாவின் கணக்குக்கு அனுப்பிவிட்டான். கிருஷ்ணகிரியில் 43 அங்குல டிவி ஒன்றும், இடிமழை இரவின் நினைவில் ஒரு ஸ்டெபிலைசரும் வாங்கினோம்; மழை வரும்போது பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றிவைக்க அக்காவைப் பழக்குவதுதான் இன்னும் பாக்கி.